அறிவிப்பாளர் எடுத்த நகல்

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு அறுபத்துநான்கு. சிரிக்க வேண்டாம். தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர்; இதில் நரைக்கு என்ன வேலை?

குருவின் பெயர் ரஹ்மத். பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடையின் மாடியில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். அது பிடிக்காமல் பாதிப்பேர் முதல் மாதத்திலேயே நின்றுவிட்டார்கள். மீதிப்பேர் விடாப்பிடியாக வந்தார்கள்.

சீடரின் பெயர் பாக்கியநாதன். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் மைக்கைப் பிடித்தால் பெஞ்சில் தூங்குகிற மூட்டைகூட எழுந்து நிற்கும் என்பார்கள். அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் நல்ல குரல்.

ஓய்வுக்குப் பிறகும் அந்தக் குரல் சும்மா இருக்கவில்லை. பார்வையில்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்காக வரலாற்றுப் பாடங்களை வாசித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தார். கேட்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு பாடமாகப் போனில் அனுப்பிவைப்பார். முதன்முதலில் கேட்டவள் முப்பிடாதி. இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள்.

வாசிப்பில் இரண்டு பழக்க தோஷங்கள் இருந்தன. எந்தப் பாடத்தையும் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றுதான் ஆரம்பிப்பார். முக்கியமான வருஷம் ஏதாவது வந்தால், அதற்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். திருத்திக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. பிள்ளைகள் திருத்தவே வேண்டாம் என்றார்கள்.

இப்படி இருக்கையில் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன.

ஒன்று, கம்ப்யூட்டர் திரையில் வந்தது. இந்தப் பழைய வெர்ஷனுக்கு இனிமேல் பாதுகாப்புக் கிடையாது, புது வெர்ஷனுக்கு மாறிவிடுங்கள் என்றது.

இன்னொன்றை டாக்டர் சொன்னார். கழுத்தில் ஒரு கட்டி, எடுத்துவிட வேண்டும். கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே போகிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, உறுதி மட்டும் சொல்ல முடியாது என்றார்.

முதல் செய்தியைப் பாக்கியநாதன் வகுப்பில் சொன்னார். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கம்ப்யூட்டர் வேலையை முடித்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். தன் குரல் போனாலும் அந்தப் பதிவுகள் போகக் கூடாது. அவருக்கு அவ்வளவுதான் வேண்டும்.

“உங்க மெஷின் பழசு சார்,” என்றார் ரஹ்மத் டீச்சர். “எல்லாத்தையும் சுத்தமா துடைச்சிட்டுத்தான் புதுசு போடணும். உள்ள இருக்கிறத முதல்ல வெளிய காப்பி எடுங்க.”

மறுநாளே பாக்கியநாதன் வந்து நின்றார். சட்டைப்பையில் பென்டிரைவ். முகத்தில் சரியான நேரத்துக்கு வண்டி வந்துவிட்ட மாதிரி ஒரு பெருமை.

“காப்பி எடுத்தாச்சு டீச்சர். துடைக்கிற பொத்தான அமுக்கிரலாமா?”

“எல்லாப் பாடமும் வந்துட்டா?”

“ஒண்ணு விடாம.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“என்ன நேரம்? கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள முடிஞ்சிட்டு.”



“திறந்து பாத்தீங்களா சார்?”

“பாக்காம இருப்பேனா? அத்தனையும் பாத்துட்டேன். கணீர்னு கேக்குது.”

“எங்க வச்சுப் பாத்தீங்க?”

“வீட்லதான். நம்ம கம்ப்யூட்டர்ல.”

டீச்சர் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். “இதுல ஒரு தடவை போடுங்க.”

பாக்கியநாதன் உட்கார்ந்தார். பென்டிரைவைச் செருகினார். பாடங்களின் பெயரோடு சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக வந்து நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் பாடத்தை அமுக்கினார். அந்தக் கோப்பு இங்கே இல்லை என்றது கம்ப்யூட்டர். இரண்டாவதை அமுக்கினார். அதுவும் இல்லை என்றது. கடைசிப் பாடம் வரைக்கும் அதே பதில்தான்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“வீட்ல கேட்டுச்சே டீச்சர்! சத்தியமா கேட்டுச்சே!”

“கேக்கும். வீட்ல கேக்கத்தான் செய்யும்.”

“அப்ப இது என்னது?”

“பாடத்த எளிதா எடுக்கறதுக்கு முன்பக்கத்துல ஷார்ட்கட் போட்டு வச்சிருந்தீங்கள்ல? அந்த ஷார்ட்கட்டைத்தான் அள்ளிட்டு வந்திருக்கீங்க.” டீச்சர் கொஞ்சம் யோசித்தார். “உங்க பாஷையில சொல்லுதேன். ஸ்டேஷன்ல இருக்கிற பலகைய எல்லாம் கழத்திட்டு வந்துட்டீங்க. வண்டி அங்கதான் நிக்கிது.”

ஷார்ட்கட் போடுவது எப்படி என்று இரண்டாம் வகுப்பில் கற்றுக்கொண்டு, தெருவில் நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தவர் அவர். இப்போது அசடு வழிந்தது.  நேற்றே துடைத்திருந்தால்? துடைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும், ஒரு பொத்தான்தானே?

“பென்டிரைவுலேர்ந்து பாடம் கேட்டுச்சுன்னு நெனச்சேன்,” என்றார். “கேட்டதெல்லாம் வீட்டுப் பெட்டியிலேர்ந்து.”

“எடுத்த இடத்துலயே வச்சுத் திறந்து பாக்கக் கூடாது சார்,” என்றார் டீச்சர். “வேற இடத்துல திறக்கணும்.”

அவ்வளவுதான் சொன்னார். தப்பு எங்கே நடந்தது, பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டிக்கொடுத்துவிட்டு, தன் அலமாரியிலிருந்து ஒரு பெரிய டிஸ்கையும் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

இந்தத் தடவை கண்ணை மூடித் திறப்பதற்குள் முடியவில்லை. காலையில் ஆரம்பித்த காப்பி மத்தியானச் சாப்பாட்டுக்கும் முடியவில்லை. பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. பாக்கியநாதன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஜுரக்காரன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். கரண்ட் போய்விடக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டார். போகவில்லை.

மறுநாள் வகுப்பில் டிஸ்கைச் செருகி முதல் பாடத்தை அமுக்கினார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு,” என்றது டீச்சரின் கம்ப்யூட்டர்.

பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் தன் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியநாதனும் சிரித்தார். சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு பாடமாக எல்லாவற்றையும் திறந்து பார்த்தார்.

“இப்ப அமுக்கலாமா டீச்சர்?”

“தாராளமா.”

வீட்டுக்குப் போனார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அமுக்கவில்லை. அடுத்த நாளும் அமுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் விரல் பொத்தான் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. டீச்சர் ஒவ்வொரு கம்ப்யூட்டராக அணைத்துக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் நின்றார்.

“என்ன சார், இன்னும் அமுக்கலையா?”

“இல்ல டீச்சர்.”

“காப்பி இருக்குல்லா?”

“இருக்கு. உங்க மெஷின்லயே கேட்டுச்சே.”

“அப்புறம் எதுக்குப் பயப்படுதீங்க?”

பாக்கியநாதன் சட்டைக் காலரைக் கொஞ்சம் விலக்கிக் கழுத்தைக் காட்டினார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தழுதழுத்தது. இத்தனை வருஷம் மைக்கில் ஒரு தடவைகூட அந்தக் குரல் அப்படி ஆனதில்லை.

“கம்ப்யூட்டர துடைச்சா டிஸ்க்ல இருக்கிறத எடுத்துத் திரும்பப் போட்டுக்கலாம்,” என்றார். “என்னைத் துடைச்சிட்டா? சின்ன வயசுல வீட்டு வாசல்ல நின்னு கத்துனதுலேர்ந்து எங்கிட்ட இருக்கிறது இந்தக் குரல் ஒண்ணுதான் டீச்சர். இதுக்கு யாரு காப்பி வச்சிருக்கா?”

“டிஸ்க்ல இருக்குல்லா?”

“அது நான் வாசிச்சது. நாளைக்குப் புதுப் புத்தகம் வரும். அத யாரு வாசிப்பா?”

டீச்சர் அதற்கும் ஒரு வேலை வைத்திருந்தார். வழக்கம்போலத்தான். போனை எடுத்து வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

“நாளைக்குச் சாயங்காலம் வாங்க சார். ஒரு இடம் வரைக்கும் நடந்து போவோம்.”

“எங்க?”

“பக்கத்துலதான். ஆனா அங்க வந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

மறுநாள் கல்லூரி விடுதிக்குக் கூட்டிப்போனார். வார்டனிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். படிப்பறைக்கு வெளியே, ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டீச்சர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். பாக்கியநாதனும் உட்கார்ந்தார்.

உள்ளே பிள்ளைகள் பாயை விரித்து வட்டமாக இருந்தார்கள். எல்லோரும் முதல் வருஷம். நடுவில் முப்பிடாதி. கையில் புத்தகமில்லை, போனுமில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, முகவாயைக் கொஞ்சம் தூக்கினாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு!”

பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள்.

“முதலாம் பானிபட் போர் இன்னும் சற்று நேரத்தில் தொடங்கும். பாபர் வடமேற்கிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். டெல்லியிலிருந்து புறப்பட வேண்டிய இப்ராஹிம் லோடி, பெரும் படையோடு புறப்பட்டுவிட்டார்.”

பாக்கியநாதன் டீச்சரின் பக்கம் குனிந்தார். பேசக் கூடாது என்பது மறந்துவிட்டது.

“இது நான் சொன்னதில்லையே,” என்று கிசுகிசுத்தார். “நான் புத்தகத்துல இருக்கிறதத்தான் வாசிச்சேன். வண்டி மாதிரி லோடியப் புறப்பட வச்சது அவளேதான்.”

டீச்சர் மறுபடியும் உதட்டில் விரலை வைத்தார்.

உள்ளே முப்பிடாதி படைகளை எதிரெதிரே நிறுத்திவிட்டாள். யானைகள் எந்தப் பக்கம், பீரங்கிகள் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பாயில் தொட்டுக் காட்டினாள். அப்படித் தொட்டுக் காட்ட யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்புறம் சட்டென்று நிறுத்தினாள். தொண்டையை இரண்டு தடவை செருமினாள்.

“யக்கா, சளி புடிச்சிருக்கா?” என்று ஒரு புதுப்பிள்ளை கேட்டது.

“சளியும் இல்ல ஒண்ணும் இல்ல. இப்படிச் செருமுனா வருஷம் வரப்போவுதுன்னு அர்த்தம். ஐயா அப்படித்தான் வாசிப்பாங்க. எங்க, எல்லாரும் செருமுங்க பாப்போம்.”

எல்லோரும் செருமினார்கள். அந்த அறையே ஒன்றாகச் செருமியது.

“ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு!” என்றாள் முப்பிடாதி.

“ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு!” என்றார்கள் பிள்ளைகள், நடைமேடை எண்ணைச் சொல்வதுபோல நிறுத்தி, நீட்டி.

பாக்கியநாதன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கப்படவில்லை. அழுகை வந்தது, அழுதார்.

பாடம் முடிகிறவரை இருந்துவிட்டு இரண்டு பேரும் வாசலுக்கு வந்தார்கள். ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு எட்டு வைத்ததும் பாக்கியநாதன் கேட்டார்.

“நான் அனுப்புனத எல்லாம் அந்தப் பிள்ளை போன்ல சேத்து வச்சிருக்கா என்ன?”

“இல்ல சார். வார்டன்ட்ட கேட்டேன். அவ போன்ல ஏது அவ்வளவு இடம்? ஒரு பாடம் கேட்டு முடிச்சதும் அழிச்சிருவா. அப்பதான் அடுத்தது எறங்கும்.”

“அழிச்சிருவாளா?”

“ஒண்ணுகூட வச்சிருக்கல.”

பாக்கியநாதன் நின்றுவிட்டார். திரும்பி விடுதி ஜன்னலைப் பார்த்தார். அங்கே இன்னும் யாரோ செருமி விளையாடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.  

“வேற இடத்துல திறந்து பாத்தாச்சு சார்,” என்றார் ரஹ்மத் டீச்சர். “போய் அமுக்குங்க.”