இடப்பக்கம் எழுதாத ஓடு

"அம்மா, இந்த ஆமை ஓட்டை நீங்களே சுட்டுக் குறி சொல்லுங்கள். என்னால் முடியாது."

கேட்டவர் கெங். வயது அறுபத்திரண்டு. பழைய சீனாவின் ஷாங் அரசர்களுக்குக் குறி பார்த்தவர். இந்த வயதில் ஒருத்தியிடம் சீடனாக உட்காருவதா என்று கேட்காதீர்கள். சோவ் படை வந்து ஷாங் ராஜ்யத்தை முடித்துவிட்டது. நாடு போனவர் எங்கே வேண்டுமானாலும் உட்காருவார்.

குருவின் பெயர் யிங். நாற்பது வயது, பன்றி வளர்ப்பவள். ஷாங்குக்கும் முன்னால், பல நூறு வருஷத்துக்கு முன் ஆண்ட சியா வம்சத்தின் வழியில் மிஞ்சியவள். நாடு இல்லாமல் வாழ்வதை அவளிடம் கற்கத்தான் கெங் வந்திருந்தார்.

"என்ன கேள்வி, ஐயா?"

"ஷாங் மறுபடி எழுமா என்று. சோவை எதிர்க்கும் கலகக்காரர்கள் காத்திருக்கிறார்கள். எழும் என்று குறி வந்தால் நாளைக்கு என் மகன் அவர்களோடு போவான். எனக்கு ஒரே பிள்ளை."

யிங் ஓட்டை வாங்கிப் பார்த்தாள். வலப்பக்கம் 'எழும்' என்று செதுக்கியிருந்தது. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை.

"நடக்கும் என்று ஒரு பக்கம், நடக்காது என்று மறுபக்கம். இரண்டையும் எழுதிவிட்டுத்தானே சுடுவீர்கள்? வெடிப்பு எந்தப் பக்கத்துக்குச் சாதகமோ அதுதானே குறி?"

"எழுத மனசு வரவில்லை."

நாற்பது வருஷம் குறி பார்த்த மனுஷன் செய்கிற காரியமா இது?

"எங்கள் ஊரை நீங்கள் பார்த்ததில்லை, அம்மா. அறுப்பு முடிந்தால் தெருவெல்லாம் தினை மது வாசனை. வெண்கலம் உருக்கும் கொட்டடியின் சுவர் குளிர்காலத்திலும் கதகதப்பாக இருக்கும். பிள்ளைகள் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கதை பேசுவார்கள். என் மகனும்தான். அந்தச் சுவரை நினைத்தால் தாங்கமுடியவில்லை."

அழுதார். யிங் அழவிட்டாள்.

பிறகு கேட்டாள். "எங்கள் சியா தலைநகரம் எங்கே இருந்தது, தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது."

பன்றிகள் உறுமின. அவள் அவற்றுக்குத் தவிட்டை அள்ளிப் போட்டாள்.

"உங்கள் முன்னோர்தான் எங்களைக் கவிழ்த்தார்கள். ஆனாலும் எங்கள் முன்னோருக்குப் படையல் நின்றுவிடக் கூடாது என்று இந்தத் துண்டு நிலத்தைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் எங்கள் கடைசி ராஜாவுக்குச் சோறு வைக்கிறேன். அவர் வம்சத்தை மீட்கப் போய்ச் செத்த பிள்ளைகளுக்கு வைப்பதில்லை. பேர் தெரியாது, ஐயா."



யிங் ஓட்டையும் உளியையும் அவரிடம் நீட்டினாள். "பழையதைச் சுரண்டுங்கள். மகனைப் பற்றிக் கேளுங்கள்."

சுரண்டினார். வலப்பக்கம் செதுக்கினார்: 'வீடு திரும்புவான்.'

"இடப்பக்கம்?"

உளி ஓட்டின் மேல் அப்படியே நின்றது.

யிங் அடுப்பிலிருந்து கனல் குச்சியை எடுத்தாள். "சரி, ஒரு பக்கமே இருக்கட்டும். சுடட்டுமா?"

கெங் இரண்டு கைகளாலும் ஓட்டை மூடிக்கொண்டார். குச்சி விரலில் பட்டது. கையை எடுக்கவில்லை.

"வேண்டாம், அம்மா. அவன் எங்கேயும் போகப் போவதில்லை."