நண்டை முட்டிய தவளை

மலைக்காட்டில் கருஞ்செதிலி என்றொரு ராட்சத உடும்பு இருந்தது. அது வாலை வீசினால் செடி முறியும். சீறினால் கீரிகூட ஒதுங்கிப் போகும். ஆனாலும் அதன் இனத்தில் மிஞ்சியவை வெகு சிலவே.

ஒருநாள் கருஞ்செதிலி முட்டையிட்டிருந்த கறையான் புற்றைக் காட்டுப்பன்றி ஒன்று கிளற வந்தது. அதன் கோரைப் பல்லைக் கண்டதுமே உடும்பு பின்வாங்கியது.

"உயிர் இருந்தால் அடுத்த வருஷம் முட்டையிடலாம்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரே ஓட்டமாக ஓடி ஓடைக்கரையில் வந்து நின்றது.

அங்கே ஓர் இலைமேல், நகத்தளவே உள்ள துளியன் என்ற தவளை தன் முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நண்டு இலையில் ஏறி, முட்டைகளை நோக்கிக் கொடுக்கை நீட்டியது.

துளியன் ஓடவில்லை! பாய்ந்து நண்டின் கண்ணில் முட்டியது. நண்டின் கொடுக்கு துளியனின் தொடையைக் கீறியது. தவளை மறுபடியும் முட்டியது. நண்டு பிடி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"அடேயப்பா! உன்னை அது இரண்டு துண்டாக்கியிருக்குமே! பயமாக இல்லையா, தம்பி?" என்றது உடும்பு.

"பயம்தான் அக்கா! பாருங்கள், இன்னும் கால் நடுங்குகிறது. ஆனால் இந்த ஓடையை விட்டால் எங்கள் கூட்டம் வேறெங்கும் இல்லை. நான் ஓடிவிட்டால், அடுத்த மழைக்கு இங்கே கத்த யார் இருப்பார்கள்?" என்ற துளியன், உடும்பை அண்ணாந்து பார்த்தது. "உங்களுக்கு என்ன கவலை! இவ்வளவு பெரிய வால்! உங்கள் முட்டைகளைத் தொட எவனுக்குத் துணிச்சல் வரும்?"

கருஞ்செதிலி தன் புற்று இருந்த திசையைப் பார்த்தது. திரும்பி, வந்த வழியே ஓடியது.

பன்றி பாதிப் புற்றைக் கிளறிவிட்டிருந்தது. சில முட்டைகள் உடைந்து கிடந்தன. உடும்பு கழுத்தை உப்பிக்கொண்டு சீறியது. பன்றி அதன் விலாவைக் கிழித்தது. வலி உயிரை வாங்கியது, கால்கள் வெடவெடத்தன. ஆனாலும் புற்றை மறித்து நின்று, பன்றியின் மூக்கில் வாலால் ஓங்கி ஓங்கி அடித்தது. பன்றி வீறிட்டுக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது!

மழைக்காலம் வந்தது. மிஞ்சிய முட்டைகள் பொரிந்து, குட்டிகள் புற்றைவிட்டு வெளியே வந்தன.

"ஓடைப் பக்கம் போனால் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள்! அங்கே என்னைவிடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார்!" என்றது கருஞ்செதிலி.

கால் நடுங்கினாலும் தன்னை நம்பிய உயிர்களுக்காக நிற்பவரே உண்மையில் பெரியவர்.