ஸைது அறுத்த கோழி

அந்த ஊரில் பாவம் எல்லாவற்றையும் செய்தவர் ஸைது என்பவர்தான்.

தலாக் சொல்லிவிட்டு மறுநாளே அழுதது ஸைது. தங்கையின் பங்கை விழுங்கியது ஸைது. நோன்பு நாளில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நின்று டீ குடித்ததும் ஸைது. ஆனால் அந்தப் பெயரில் ஊரில் ஒருவர்கூடக் கிடையாது. மார்க்கத் தீர்ப்புக் கேட்க வருகிறவர்கள் யார் பெயரையும் சொல்லக் கூடாது என்பது பழைய வழக்கம். ஆண் என்றால் ஸைது, பெண் என்றால் ஹிந்தா. யாருக்கும் அவமானம் இல்லை.

துராப் அஸரத் அந்த ஊர்ப் பள்ளிவாசலின் இமாம். மாலை நேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளியை ஒட்டிய அறையில் உட்காருவார். கேள்வியோடு வருகிறவர்களுக்கு எதிரே ஒரு கோரைப்பாய். அஸரத்தின் பக்கத்தில், மார்க்கச் சட்ட நூல்கள் அடுக்கிய கிதாபு அலமாரியில் சாய்ந்தபடி சீடர் மதார்.

அஸரத்துக்கு முப்பது வயதுக்குச் சற்று மேல். சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

மதார் பீடித் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தவர். துண்டறிக்கை எழுதி எழுதியே தமிழ் படித்தவர். சங்கம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் இந்த அறைக்கு வந்தார்.

“கிதாபுல எந்தப் பக்கத்தக் காட்டி எங்கள மிரட்டினாங்களோ, அந்தப் பக்கத்த நானே படிச்சுப் பாக்கணும், அஸரத்.”

“உக்காருங்க காக்கா,” என்றார் அஸரத், அண்ணன் முறை வைத்து.

மதாருக்குப் படிப்பு ஏறியது. ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. ஸைது யார் என்று கண்டுபிடிக்காமல் அவரால் இருக்க முடியாது.

“இப்ப வந்துட்டுப் போனானே அஸரத், அவன் சொன்ன ஸைது அவனேதான்.”

“இருக்கலாம்.”

“நேத்து வந்தவரு சொன்ன ஸைது அவரு மச்சான்.”

“இருக்கலாம் காக்கா.”

“உங்களுக்குத் தெரிஞ்சுக்கிட வேண்டாமா?”

“தெரிஞ்சா பதில் மாறுமா?”

“மாறாது. ஆனா எதுக்குக் கேக்கான்னு தெரியும்லா? இந்த ஊர்ல ஒருத்தனும் சும்மா கேள்வி கேக்க மாட்டான்.”

அஸரத் கிதாபின் பக்கத்தைப் புரட்டினார்.

ஒரு வியாழக்கிழமை பக்கத்து ஊரில் ஒரு மவுத்து. இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையைத் தொழவைக்க அஸரத் போனார்.

“யாராவது வந்தா நாளைக்கு வரச் சொல்லுங்க காக்கா.”

அஸருக்குப் பிறகு ஒருவன் வந்தான். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“அஸரத் இல்ல. நாளைக்கு வாங்க.”

“நீங்களும் ஓதுறவங்கதானே காக்கா? சின்னக் கேள்விதான். உங்களுக்குத் தெரியாததா?”

மதார் அவன் சட்டையைப் பார்த்தார். காலர் கிழிந்து, திருப்பித் தைத்திருந்தது.

“சரி, சொல்லுங்க.”

“ஸைதுன்னு ஒருத்தரு. சந்தைல கோழி அறுத்து விக்காரு. அறுக்கும்போது அல்லாஹ் பேரால பிஸ்மி சொல்ல மாட்டாரு.”

“மறந்துருதாரா?”

“மறதி இல்ல காக்கா. ஒரு நாளும் சொன்னதில்ல. அவரு பாட்டுக்கு அறுப்பாரு.”

மதாருக்கு ஸைது யாரென்று உடனே தெரிந்துவிட்டது.

ஊர் ஜமாஅத் தலைவரும் பீடிக் கம்பெனிக்காரருமான அசன்கனி முதலாளி, தன் மருமகனுக்குச் சந்தையில் புதிதாக ஒரு பிராய்லர் கடை வைத்துக் கொடுத்திருந்தார். அங்கே கூலிக்கு ஒருவன் கத்தியோடு நிற்கிறான். அவன் அறுக்கிற வேகத்தில் பிஸ்மிக்கு ஏது நேரம்? அந்த முதலாளிதான் அந்தக் காலத்தில் பீடிக்குக் கூலி உயர்த்திக் கேட்டவர்களைப் பள்ளி முற்றத்தில் நிறுத்தியவர். முதலாளிக்கு மாறு செய்வது அல்லாஹ்வுக்கு மாறு செய்வது என்று அன்றிருந்த இமாமைப் பேச வைத்தவர். நிறுத்தப்பட்டவர்களின் வரிசையில் முதல் ஆள் மதார்.

“தெரிஞ்சே விட்டா அது ஹராம்,” என்றார் மதார். “அந்தக் கறியத் தின்னக் கூடாது.”

“அஸரத் அறைல சொன்னாங்கன்னு நாலு பேருகிட்டச் சொல்லலாமா காக்கா?”

“தாராளமாச் சொல்லுங்க.”

அவன் சலாம் சொல்லிவிட்டுப் போனான். மதார் வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போனார். பிராய்லர் கடையில் கூட்டம் நெரிந்தது. அதை ஒட்டிய சின்னக் கடையில் ஆள் இல்லை. கூண்டு நிறையக் கோழி.

அது ஊமைச்சி கடை. முன்பு அவள் கணவன் கோழி அறுத்துக்கொண்டிருந்தான். அவன் மவுத்தான பிறகு அவள் அறுக்கிறாள். சின்ன வயதில் தொண்டையில் வந்த நோயில் குரல் போனது என்று சொல்வார்கள். மதார் வீட்டுக்குக் கோழி வருவது எப்போதும் அந்தக் கடையிலிருந்துதான். முதலாளியின் மருமகன் கடை வந்ததிலிருந்து, அவளுடைய இடத்தையும் சேர்த்துக்கொள்ள ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டுப் போனார்கள். அவள் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தாள்.

கடைக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இரண்டு பெண்கள் நின்று பேசினார்கள்.

“ஊமைச்சிட்டயா வாங்கப் போற? வேண்டாம்மா. பிஸ்மி சொல்லாத கறி ஹராம்னு அஸரத் அறைலயே சொல்லிட்டாங்களாம்.”

“யா அல்லாஹ்! இத்தன நாளும் தின்னோமே!”

“தின்னது தின்னாச்சு. அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செஞ்சுக்கோ.”

ஊமைச்சி மரக்கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி துடைத்தது.

பக்கத்துக் கடை வாசலில் ஒருவன் கோழிக் கூடைகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். அதே திருப்பித் தைத்த காலர்.

முதலாளியின் ஆட்களும் கிழிந்த சட்டைதான் போடுவார்கள். நல்ல சட்டை வாங்குகிற அளவுக்கு அவர் கூலி கொடுத்ததில்லை. காலமெல்லாம் அந்தக் கூலிக்காகச் சண்டை போட்ட மதாருக்கு வியாழக்கிழமை இது தோன்றவில்லை.

மதார் பள்ளிக்கு ஓடினார். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவுக்காக அஸரத் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மதார் எல்லாவற்றையும் சொன்னார்.

“அவன் என்ன கேட்டான் காக்கா?”

“ஹிந்தான்னு சொல்லல. பிஸ்மிய வேணும்னே விடுற ஸைதப் பத்திக் கேட்டான்.”

“நீங்க சொன்ன பதில்?”

“கிதாபுல உள்ளதுதான்.”

“வாய் இருக்கிற ஸைதுக்கு அது சரி.”

“பேச முடியாதவங்களுக்கு என்ன சட்டம் அஸரத்?”

“அடுத்த பக்கத்துல இருக்கு. பாக்கலையா?”

மதார் பார்த்திருக்கவில்லை.

“வாங்க, மத்தியான லுஹர் தொழுதுட்டுப் போவோம்,” என்றார் அஸரத்.

தொழுகை முடிந்து இருவரும் சந்தைக்குப் போனார்கள். அஸரத்தைப் பார்த்ததும் சந்தை கொஞ்சம் அடங்கியது. அதே தொழுகையில் முதல் வரிசையில் நின்றுவிட்டு முன்னாலேயே வந்திருந்த அசன்கனி முதலாளி, மருமகன் கடையின் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“வாங்க அஸரத். என்ன வேணும்? நல்லதா எடுத்துப் போடச் சொல்லுதேன்.”

“இங்க வாங்கிக்கிடுதேன் முதலாளி.”

அஸரத் சின்னக் கடை முன்னால் நின்றார்.

“ஒரு கோழி வேணும்மா. ரெண்டு கிலோவுக்குள்ள.”

அவள் கூண்டைத் திறந்து ஒரு கோழியைப் பிடித்தாள். தராசில் வைத்துக் காட்டினாள். அதற்குத் தண்ணீர் காட்டினாள். தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திரும்பிக் கத்தியை எடுத்தாள்.

சந்தை முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. மதாரும் பார்த்தார். ஏதாவது ஒன்று, ஒரு அசைவு, ஒரு விரல், இருந்துவிடாதா என்று பார்த்தார்.

உதடு அசையவில்லை. விரலும் உயரவில்லை. அவள் அறுத்தாள்.

“பாத்தீங்களா அஸரத்?” என்றார் முதலாளி. “ஒண்ணுமே சொல்லல.”

“உங்களுக்குக் கேக்கலையா?”

“நீங்களுந்தான நின்னீங்க? உங்களுக்குக் கேட்டுதா?”

“எனக்கும் கேக்கல.” அஸரத் திரும்பினார். “முதலாளி, இப்ப லுஹருக்கு எனக்கு நேர் பின்னாடிதான நின்னீங்க?”

“ஆமா. எப்பவும் அங்கதான்.”

“நான் ஓதினது கேட்டுதா?”

“லுஹர்ல எப்படிக் கேக்கும்? சத்தமில்லாமல்லா ஓதணும்?”

“அப்ப நான் ஓதினேன்னு எப்படித் தெரியும்?”

முதலாளி சிரிக்கப் பார்த்தார். “என்ன அஸரத் இது. நீங்க இமாம். ஓதாம நிப்பீங்களா?”

“நான் ஓதலைன்னா உங்க தொழுகையும் சேந்து போச்சு. ஒரு தடவையாவது என் வாயப் பாத்தீங்களா?”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

“பேச முடியாதவங்க அறுத்தது ஹலால்,” என்றார் அஸரத், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “இதுல கிதாபு எழுதின இமாம்களுக்குள்ள சண்டையே இல்ல.”

“ஹலால்தான், யாரு இல்லைன்னா?” என்றார் முதலாளி. “ஆனா பேணுதல்னு ஒண்ணு இருக்குல்லா அஸரத்? சந்தேகம்னு வந்துட்டா ஒதுங்கிக்கிடுறது நல்லதுதான?”

மதார் வாயைத் திறந்தார். பக்கத்துக் கடையில் ஒவ்வொரு கோழிக்கும் பிஸ்மி சொல்லப்படுகிறதா என்று கேட்கப் போனார். அஸரத் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சந்தேகம் தானா வரல முதலாளி,” என்றார் அஸரத். “யாரோ கொண்டுவந்து இறக்கியிருக்காங்க.”

கூடை இறக்குகிறவன் கீழே குனிந்துகொண்டான். முதலாளி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அவள் கறியைக் கட்டிக் கொடுத்தாள். அஸரத் பணம் கொடுத்தார். அவள் மதாரைப் பார்க்கவில்லை.

அஸரத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் வாங்கினார்கள். மற்றவர்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்று நகர்ந்தார்கள். ஹராம் என்ற சொல் ஒரே நாளில் ஊரைச் சுற்றி வந்திருந்தது. ஹலால் என்ற சொல் அன்று சந்தை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

திரும்பும் வழியில் மதார் கேட்டார்.

“ஏன் அஸரத் என் கையப் பிடிச்சீங்க? அந்தக் கடையோட யோக்கியதைய அங்கேயே கேட்டிருப்பேன்.”

“அங்க அறுக்கிறது யாரு காக்கா? முதலாளியா?”

மதார் கூலிக்கு நிற்கிறவனை நினைத்துப் பார்த்தார்.

அஸர் முடிந்தது. அறைக்கு வேறு யாரும் வரவில்லை. மதார் கிதாபு அலமாரி பக்கம் போகவில்லை. சுற்றி வந்து கோரைப்பாயில் உட்கார்ந்தார்.

அஸரத் நிமிர்ந்து பார்த்தார்.

“ஸைதுன்னு ஒருத்தரு…” என்று ஆரம்பித்தார் மதார்.

“ஸைது இன்னைக்கு வேண்டாம் காக்கா. பேரச் சொல்லுங்க.”

மதார் பாயின் கோரையைப் பிய்த்தார்.

“மதாருன்னு ஒருத்தன். முதலாளிமேல உள்ள வெறுப்புல, அரைகுறையாப் படிச்சத வச்சு ஒரு தீர்ப்புச் சொன்னான். அதுல ஒரு பொம்பளையோட பொழப்புப் போச்சு. அவனுக்கு என்ன பரிகாரம்?”

“யாரோட பொழப்பு?”

“அந்த ஊமைச்சியோடது.”

“பேரு?”

மதார் யோசித்தார். கடையில் பலகை கிடையாது. சந்தையில் எல்லோரும் கூப்பிடுவது ஒரே பேர்தான். துண்டறிக்கைகளில் அவர் எழுதிய ஏழைப் பெண்களுக்கும் பேர் இருந்ததில்லை.

“தெரியாது அஸரத்.”

“போய் அவங்ககிட்டயே கேட்டுட்டு வாங்க. பதில் அப்புறம்.”

“எப்படிக் கேக்க? அவ ஊமைல்லா?”

அஸரத் கிதாபை மூடினார்.

“காது கேக்கும் காக்கா.”