வடக்குப் பக்கத்து ரிங்

அநியாயம் யாருக்கு நடந்தது, எப்படி நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாராவது வந்து, அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவே இல்லை என்று சாதிப்பார்கள்.

நடந்தது ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு. மே மாத விடுமுறையில் அவர்கள் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர்கள் ஆடும் சிமெண்ட் கோர்ட்டின் வடக்கு போஸ்ட்டை கேஸ் கட்டர் வைத்து அறுத்து எடுத்தார்கள். போஸ்ட் நின்ற இடத்தில் நிர்வாகத்தின் கார்களுக்குத் தகர ஷெட் போட்டார்கள். ஆண்கள் அணிக்குத் தனிக் கோர்ட் உண்டு, மேலே கூரை உண்டு, விளக்கு உண்டு. அதில் பெண்கள் ஆடுவது ஒழுங்காக இருக்காது என்று சொல்லப்பட்டது. ஒழுங்கு என்றால் என்ன என்று சொல்லப்படவில்லை.

ஜூன் மாதம் திரும்பி வந்த பெண்களுக்கு மிச்சமிருந்தது தெற்குப் பக்கத்து ரிங்கும் பாதிக் கோர்ட்டும். அப்போதிருந்த கோச், கல்லூரிச் செயலாளரிடம் போய் ஏன் என்று கேட்டார். ஜூலையில் அந்தக் கோச் இல்லை.

அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜெபக்கனி. முப்பதைத் தாண்டியிருப்பார். பல்கலைக்கழக அணியில் ஆடியவர், முழங்கால் போனதால் ஆட்டத்தை விட்டவர். நடக்கும்போது இடது காலை மட்டும் கொஞ்சம் யோசித்து வைப்பார்.

அணியின் கேப்டன் இசக்கியம்மாள், வரலாறு மூன்றாம் ஆண்டு. விடுதிச் சாம்பாரில் பருப்பு இல்லை என்பதை வார்டன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தவள். பழைய கோச்சை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் ஒருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள் என்றால், வருகிறவள் வாய் திறக்கமாட்டாள் என்பதற்காகத்தான் என்று அவள் முடிவே செய்துவிட்டிருந்தாள். இருந்தாலும் முதல் நாளே நேருக்கு நேர் கேட்டாள்.

"எங்களுக்கு முழுக் கோர்ட் எப்ப கிடைக்கும், மேடம்?"

ஜெபக்கனி பந்தைத் தரையில் தட்டிப் பார்த்தார்.

"பந்துல காத்து கம்மியா இருக்கு," என்றார். பம்பு எடுத்துவரப் போய்விட்டார்.

இசக்கி மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்லவில்லையா என்கிற பார்வை.

அன்றைக்கே இன்னொரு செய்தியும் வந்தது. அதைச் சொன்னதும் ஜெபக்கனிதான். மண்டல லீக்கில் ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும், ஜெயிக்காவிட்டால் பெண்கள் அணியைக் கலைத்துவிடுவோம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு ஜெபக்கனி, எல்லோரும் ஷூ லேசை இறுக்கிக் கட்டச் சொன்னார்.

முதல் ஆட்டம் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில். அங்கே இரண்டு பக்கமும் ரிங் இருந்தது. இசக்கி முதலில் அதைத்தான் பார்த்தாள். வெகுநாள் ஊரில் இல்லாத சொந்தக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அந்தக் கொடுமை தெரிந்தது. பந்து கையை விட்டுப் போனதும் எதிரணி இவர்கள் காக்க வேண்டிய ரிங்கை நோக்கி ஓடியது. இவர்கள் பின்னால் ஓடினார்கள். நடுக்கோடு வந்ததும் நின்றுவிட்டார்கள். ஐந்து பேருமே. யாரும் சொல்லி நிற்கவில்லை. பாதிக் கோர்ட்டிலேயே ஓடிப் பழகிய கால்கள், அதற்கு மேல் தரை இல்லை என்பது போல நின்றன. எதிரணிப் பெண் ஆளில்லாத இடத்தில் சாவகாசமாகப் போய்க் கூடை போட்டுவிட்டு, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏக்கா, அந்தப் பக்கம் வர பாஸ்போர்ட் வேணுமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் கூட்டமே சேர்ந்து கேட்டது.

அவர்கள் எழுபதைத் தாண்டினார்கள். இவர்கள் இருபதைத் தொடவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நெடியவள் மாரித்தாய் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் மாலை ஜெபக்கனி புதிதாக ஒரு பயிற்சி சொன்னார். தெற்கு ரிங்கில் பந்து போட்டாலும் தவறவிட்டாலும் உடனே வடக்கே ஓட வேண்டும். ஷெட்டுக்கு முன்னால் போய், கையை விரித்து, முட்டியை மடக்கி நிற்க வேண்டும்.

"நின்னு?" என்றாள் இசக்கி.

"காக்கணும்."

"எதை?"

"ரிங்கை."

ஷெட்டுக்குள் செயலாளரின் வெள்ளைக் கார் நின்றது. அதன் முன்னால் ஐந்து பெண்கள் கையை விரித்து நின்றார்கள். எங்கே பார்க்க வேண்டும், பானெட்டையா என்று அவர்களில் ஒருத்தியான ஃபௌசியா பணிவாகவே கேட்டாள். மேலே பார்க்கச் சொன்னார் ஜெபக்கனி. மேலே தகரம் இருந்தது. தகரத்துக்கு மேலே வானம் இருந்தது.

கார் டிரைவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "வண்டிக்குக் காவலா பாப்பா? ராத்திரிக்கும் வந்துருங்க. வாட்ச்மேனுக்கு லீவு குடுத்துரலாம்," என்றார். அடுத்த நாள் ஆண்கள் அணியிலிருந்து நாலு பேர் வந்து கைதட்டிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த நாள் விடுதி மெஸ்ஸில் ஒருத்தி இவர்களைப் பார்த்து, செக்யூரிட்டி அக்காமாருக்கு ரெண்டு தோசை சேத்து வைங்க என்றாள்.

இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றார்கள். இந்தத் தடவை கால்கள் நடுக்கோட்டைத் தாண்டின. தாண்டிய பிறகு எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒருத்தி மேல் ஒருத்தி மோதிக்கொண்டார்கள். கூட்டம் அதற்கும் சிரித்தது.

இசக்கி அன்றைக்கு அணியைக் கூட்டி, இனி ஆட வேண்டாம் என்றாள். போஸ்ட் வைத்தால் ஆடுவோம், இல்லையென்றால் இல்லை. ஆடித் தோற்றுக் கொடுத்தால் தோற்றார்கள் என்று எழுதிவிட்டு மூடிவிடுவார்கள், ஆடாமல் நின்றால்தான் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். வாதம் சரியாகத்தான் இருந்தது. பெண்கள் தலையாட்டினார்கள். மாரித்தாய் மட்டும் தலையாட்டாமல், ஏட்டி, நமக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு என்று கேட்டாள். இசக்கி எழுந்தாள். கோபத்தோடு நேரே கோச்சிடம் போனாள்.

ஜெபக்கனி ஷெட்டுக்கு முன்னால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கார் டயரில் ஒட்டி வந்த சரளைக் கல் அங்கே எப்போதும் சிதறிக் கிடக்கும்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இல்லாத ரிங்கைக் காக்கச் சொல்லுதீங்க. தினமும் சொல்லுதீங்க. அவங்க எடுத்துட்டாங்க, அது எங்கன்னு நாங்க கேக்கணும். அதுக்குப் பதிலா, இல்லாட்டாலும் பரவால்லன்னு எங்களைப் பழக்குதீங்க. இதுக்குத்தான உங்களைக் கூட்டிட்டு வந்தாங்க?"

ஜெபக்கனி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். பந்தை எடுத்தார்.

"நில்லு," என்றார்.

இசக்கி ஷெட்டுக்கு முன்னால் நின்றாள். கையை விரிக்கவில்லை. வேண்டுமென்றேதான் விரிக்கவில்லை.

ஜெபக்கனி பந்தைத் தட்டிக்கொண்டு வந்தார். வலப்பக்கம் போவது போல் ஒரு அசைவு. பிறகு இடது கால், அந்த யோசிக்கிற கால், ஒரே எட்டு. இசக்கியைத் தாண்டிப் பந்து மேலே எழும்பியது, வளைந்தது, தகரத்தின் மேல் டமாரென்று விழுந்து உருண்டது. டிரைவர் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"உள்ள போச்சா?" என்று கேட்டார் ஜெபக்கனி.

"ரிங்கே இல்லையே."

"அதைக் கேக்கல. போச்சா?"

இரண்டு வருடமாகப் பார்த்த இடம் அது. பலகையின் மூலையில் இருந்த விரிசல், ஒரு பக்கம் அறுந்து தொங்கிய வலை, இடது பக்கம் லேசாகச் சரிந்த இரும்பு வளையம். கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கச் சொன்னாலும் வைப்பாள். பந்து எங்கே இறங்கியது என்று இசக்கிக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை.

"போச்சு," என்றாள்.

"அப்ப நீ விட்டுட்ட."

தகரத்தின் ஓரத்திலிருந்து பந்து விழுந்தது. இசக்கி அதை எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் மறுநாள் பயிற்சிக்கு வந்தாள், கையை விரித்தாள். டிரைவர் சொன்னது எதுவும் காதில் விழாத மாதிரி நின்றாள்.

மூன்றாவது ஆட்டத்திலும் தோல்விதான். ஆனால் எதிரணி ஒவ்வொரு புள்ளிக்கும் வியர்வை சிந்த வேண்டியிருந்தது. கூட்டத்தின் கேலிக் குரல்கள் பாதியிலேயே அடங்கிவிட்டன.

மிச்சம் ஒரே ஒரு ஆட்டம். அது பாளையங்கோட்டையில்.

அந்த ஆட்டத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஃபௌசியா பந்தைத் தட்டிப் பறித்தது, மாரித்தாய் வளையத்துக்கு முன்னால் எழும்பி எழும்பி நின்றது, எதிரணிக் கோச் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. இடைவேளையில் இவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஆனால் அணியில் இருந்ததே ஏழு பேர். விட்டுக்கொடுக்காமல் காத்ததில் ஃபவுல் ஏறிக்கொண்டே போனது. ஐந்து ஃபவுல் ஆனதும் ஒருத்தி வெளியே போனாள். இன்னொருத்தி போனாள். மூன்றாவதாக மாரித்தாய் போனாள். கடைசி நிமிடங்களில் நாலு பேர் ஐந்து பேரைத் துரத்தினார்கள். நடுக்கோட்டில் யாருடைய காலும் நிற்கவில்லை.

மூன்று புள்ளியில் தோற்றார்கள்.

எதிரணிக் கோச் வந்து, உங்களைத் தாண்டி உள்ளே வருவதற்குள் எங்கள் பிள்ளைகளுக்கு உயிர் போய்விட்டது, எங்கேதான் பயிற்சி எடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாரித்தாய் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். வெகுநேரம் துண்டை எடுக்கவில்லை.

செயலாளர் அறைக்குக் கோச்சும் கேப்டனும் மட்டும் கூப்பிடப்பட்டார்கள். இசக்கி வழியெல்லாம் வாதத்தைக் கோத்துக்கொண்டு போனாள். பாதிக் கோர்ட்டை வைத்துக்கொண்டு, நாலு பேராக, மூன்றே புள்ளி வித்தியாசத்தில். இதை எந்தப் பக்கம் திருப்பிச் சொன்னாலும் ஜெயிக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஜெயிச்சீங்களா?" என்றார் செயலாளர்.

"சார், நாங்க எந்த நிலைமையில..."

"ஜெயிச்சீங்களா, இல்லையா?"

"இல்ல."

அவர் பேனாவை மூடினார். பிறகு ஜெபக்கனி பக்கம் திரும்பி, சலிப்போடு சொன்னார். "நீங்களும் வந்த நாள்ல இருந்து வாரா வாரம் வந்து, போஸ்ட் வைங்க, போஸ்ட் வைங்கன்னு உசுரை எடுத்தீங்க. ஜெயிக்காத டீமுக்கு எதுக்கும்மா போஸ்ட்டு? இந்த மாசத்தோட நீங்களும் வேற எடம் பாத்துக்கோங்க."

இசக்கி திரும்பி ஜெபக்கனியைப் பார்த்தாள். ஜெபக்கனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பயிற்சிக்கு நேரமாகிறது என்பது போல.

வெளியே வந்து படியிறங்கும்போது, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று இசக்கி கேட்டாள்.

"கிடைச்சாத்தான சொல்றதுக்கு," என்றார் ஜெபக்கனி.

அந்த வாரமே கேஸ் கட்டர் மறுபடி வந்தது. விருந்தாளிகளின் வண்டிகளுக்கு இன்னொரு ஷெட் வேண்டுமாம். பெண்கள் வகுப்பில் இருந்த நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. மாலையில் வந்து பார்த்தபோது தெற்கு போஸ்ட் இருந்த இடத்தில், வெட்டுப்பட்ட இரும்பு தரையோடு தரையாக மினுங்கியது. பலகையை வாட்ச்மேன் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ரிங் குப்புறக் கிடந்தது. ஃபௌசியா அதிலிருந்த வலையை முடிச்சு முடிச்சாக அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஏழு பேரும் நடு வட்டத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் அழவில்லை. அழுவதற்கு யாராவது தொடங்க வேண்டும், ஒருத்தியும் தொடங்கவில்லை. டிரைவர் ஷெட்டுக்குள்ளிருந்து பார்த்தார். காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வழக்கமான நேரத்துக்கு ஜெபக்கனி வந்தார். கையில் பந்து. வழக்கம் போல லேசை இறுக்கிக் கட்டச் சொன்னார்.

ஒருத்தியும் அசையவில்லை.

"போங்க மேடம்," என்றாள் இசக்கி. அவள் யாரிடமும் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. "டீம் இல்ல. நீங்களும் இந்த மாசத்தோட இல்ல. வடக்க இல்லாததைக் காத்தோம், சரி. தெக்க ஒண்ணு இருந்துச்சு, அதனால காத்தோம். இனி எதுக்கு எந்திரிக்கணும்?"

ஜெபக்கனி வடக்கே பார்த்தார். திரும்பித் தெற்கே பார்த்தார். பந்தை அமுக்கிப் பார்த்தார். காற்று சரியாக இருந்தது.

"முத நாள் என்ட்ட ஒண்ணு கேட்டேல்லா," என்றார்.

"என்ன கேட்டேன்?"

"முழுக் கோர்ட் எப்ப கிடைக்கும்னு."

இசக்கி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு," என்றார் ஜெபக்கனி. "இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கு."