பந்தி மௌனம்

ஆற்றங்கரை மடத்தில் பந்தி முடியும்வரை யாரும் பேசக் கூடாது. இந்த விரதத்தில் அங்கிருந்த சீடர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. தும்மல் வந்தால்கூட விழுங்கிவிடுவார்கள். போதும் என்பதற்கு இலைமேல் கையை விரித்தால் சரி.

பரிமாறுகிறவன் உலகநாதன், வாட்டசாட்டமானவன். புதிதாக வந்த பொன்னப்பனுக்குத் திக்குவாய். அது போதாதா? பொன்னப்பன் இலைமேல் கையை விரித்தால், உலகநாதன் அந்தக் கைமேலேயே கொதிக்கிற ரசத்தை ஊற்றுவான். பொன்னப்பன் கத்தமாட்டான், விரதம். மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார்கள். அவர்களுக்கும் விரதம்தானே.

பக்கத்து இலை மாசிலாமணியுடையது. ஒருநாள் அப்படி ஊற்றியபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் பொன்னப்பன் துணிகளை மூட்டை கட்டுவதைப் பார்த்தான். நேரே குருவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

"நீ என்ன செஞ்சே?"

"விரதத்தை மீறலாமா சாமி?"

"நாளைக்குப் பந்தியில சொல்றேன்."

பேசவே கூடாத இடத்தில் என்ன சொல்லப்போகிறார் என்று மாசிலாமணிக்கு விளங்கவில்லை. பொன்னப்பனை மட்டும், மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி குரு கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ரசம் வந்தது. நேற்றைய கொப்புளத்தோடு பொன்னப்பன் கையை விரித்தான். உலகநாதன் எதிர்ப்பந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கரண்டியைச் சாய்த்தான். அதற்குள் பின்னாலிருந்து இன்னொரு கை வந்து பொன்னப்பன் கையை மூடியது.

பின்கட்டு வழியாகச் சத்தமில்லாமல் வந்திருந்தார் குரு. ரசம் முழுவதும் அவர் கையில் விழுந்தது.

"ஐயோ, சாமி!"

பந்தியே எழுந்துவிட்டது. ஒருவன் உலகநாதனின் கரண்டியைப் பிடுங்கினான். ஒருவன் தண்ணீருக்கு ஓடினான். எத்தனை வருஷத்து மௌனமோ, ஒரு நொடியில் போயிற்று.

மாசிலாமணி எட்டிப் பார்த்தான். குருவின் கை செக்கச்செவேலென்று ஆகிவிட்டது, ஆனால் அசையவில்லை. அதனடியில் பொன்னப்பனின் கை பத்திரமாக இருந்தது. இப்படி ஒரு மனிதரை இவ்வளவு அருகில் அவன் பார்த்ததில்லை.

சொம்புத் தண்ணீர் வந்தது. மாசிலாமணி அதை வாங்கி, அழுதுகொண்டே குருவின் கையில் ஊற்றப் போனான்.

குரு தடுத்தார்.

"முதல்ல பொன்னப்பன் கையில ஊத்து. நேத்தும் ரசம் இதே சூடுதான்."