நாலாவது தப்பு

சமூக அறிவியல் வாத்தியார் இன்னாசிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அவர் வகுப்பிலேயே படிக்கிற அவர் மகள், புதிதாக வந்த தற்காலிக ஆசிரியை செண்பகவல்லியின் வகுப்புக்கு மாற்றச் சொல்லி அடம்பிடித்தாள். அங்கே பரீட்சை என்றால் நாடகம் போடுவார்களாம், களிமண்ணில் மலை செய்வார்களாம்.

நேரே தலைமையாசிரியையிடம் போனார். "விளையாட்டுக்கெல்லாம் மார்க்கா மேடம்? பிள்ளைங்க படிச்சிருக்காங்கன்னு இந்தம்மா ஒரே பீரியடுல காட்டட்டும். இல்லேன்னா எல்லாருக்கும் என் வினாத்தாள்தான்."

அங்கேயே நின்றிருந்த செண்பகவல்லி பணிவாகச் சொன்னாள். "சரிங்க சார். நீங்களே என் கிளாசுக்கு வந்து பாடம் நடத்துங்க. வேணும்னே தப்புத்தப்பா சொல்லுங்க. பிள்ளைங்க கண்டுபிடிச்சா பாஸ்."

அவருக்குக் கொண்டாட்டம். மூன்று தப்பு வைக்கப்போவதாகத் தலைமையாசிரியையின் காதில் சொல்லிவிட்டு, தமிழ்நாட்டு ஆறுகளைக் கரும்பலகையில் வரைந்து வெளுத்துவாங்கினார்.

பிள்ளைகள் மூன்றையும் பிடித்துவிட்டார்கள். ஆனால் கடைசி பெஞ்சு ரஹ்மத் இன்னும் கையை இறக்கவில்லை.

"நாலாவது தப்பு சார். பவானி ஆறு காவிரியில சேர்றது கரூர்ல இல்ல, பவானி ஊர்ல."

இன்னாசிமுத்து கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். அதை அவர் வேண்டுமென்றே வைக்கவில்லை.

"மூணுன்னுதானே சொன்னீங்க?" என்றார் தலைமையாசிரியை.

செண்பகவல்லி முந்திக்கொண்டாள். "நமக்கே தெரியாம ஒண்ணு கூடுதலா வெச்சிருக்காரு மேடம். பிள்ளைங்க அதையும் பிடிச்சுட்டாங்க. பாஸ்தானே சார்?"

வேறு வழியில்லாமல் வேகமாகத் தலையாட்டினார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து அவர் மகளின் குரல் கேட்டது.

"அப்பா, போன பரீட்சையில நான் கரூர்னுதானே எழுதினேன்? முழு மார்க் போட்டீங்களே!"