எண்பதில் விழும் தண்ணீர்

"வரிசையா சொல்லுதேன். இடையில பேசாத," என்றார் வேதமுத்து.

மெக்கானிக் ஜெசிந்தா ஸ்பானரைப் பட்டறை மேசையில் வைத்தாள்.

"பிப்ரவரி. உப்பளக் காத்துல கார்ல தண்ணி பீச்சுற வாஷர் நாசில் எல்லாம் அடைச்சுப்போச்சு. கண்ணாடிக்குத் தண்ணி வரல, புது நாசில் வேணும்னு கம்பெனிக்கு எழுதினோம். பாட்டில்ல தண்ணி கொண்டுபோங்கன்னு பதில்.

"ஏப்ரல். மறுபடி எழுதினோம். அந்த மனுவாலேயே மேனேஜர் மேசையைத் தொடச்சான்.

"ஜூன். பாட்டில் தண்ணி ஊத்திக் கண்ணாடி கழுவ வண்டியை ஓரங்கட்டினாங்க நாலு டிரைவருங்க. நாலு பேருக்கும் லேட்டுன்னு மெமோ.

"ஆகஸ்ட். நம்ம சுயம்புலிங்கம் துறைமுக ரோட்டுல தடுப்புச் சுவர்ல மோதினான். வாஷரை அமுக்கினேன், கண்ணாடி தெளியலன்னான். தூங்கிட்டான்னு சொல்லி வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.

"செப்டம்பர். கம்பெனி நிபுணர் ஷெட்டுல வண்டியை நிறுத்தி அமுக்கிப் பாத்தாரு. தண்ணி நல்லா விழுதுன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. நாளைக்கு விசாரணை."

மாணவர் வேதமுத்துவுக்கு வயது ஐம்பத்தேழு. கம்பெனி டிரைவர், இருபத்தாறு ஆண்டுகளாக ஓட்டுநர் சங்கச் செயலாளர். மூன்று முறை சிறை.

ஆசிரியை ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. தூத்துக்குடி ஓட்டுநர்கள் வண்டியைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் அவளிடம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரிடமும் கற்றுக்கொள்ளாதவர்கள் மேலாளர்களாக இருக்கிறார்கள்.

"என்ன வேணும், அண்ணாச்சி?"

"அவங்க கள்ளத்தனமா புது நாசில் போட்டிருக்காங்க. விசாரணைக்கு முன்ன பாக்கணும்னு கேட்டு வண்டியைக் கொண்டுவந்திருக்கேன். பாத்து, எழுதி, ஒரு கையெழுத்துப் போடு."

ஜெசிந்தா பானட் மேல் குனிந்தாள். நாசிலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"உள்ள உக்காந்து அமுக்குங்க."

அமுக்கினார். தண்ணீர் எழும்பி, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகக் கண்ணாடியில் விழுந்தது.

"பாத்தியா? புதுசுதான்!"

அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"வண்டியை எடுங்க."

"எங்க?"

"ரோட்டுக்கு."

புறவழிச் சாலை. முன்னால் ஈர உப்பு ஏற்றிய லாரி. அதிலிருந்து தெறித்த நீர் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தது.

"எண்பது போங்க," என்றாள்.

"கண்ணு தெரியல, தாயி."

"இப்ப அமுக்குங்க."

அமுக்கினார். தண்ணீர் கண்ணாடியில் ஏறவில்லை. வைப்பரின் அடியில் விழுந்து ஓடியது. வைப்பர் உப்பை இங்கிருந்து அங்கே இழுத்துப் பூசியது.

சாலை காணாமல் போனது.

கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தார். வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது.

"தூங்கிட்டியளா, அண்ணாச்சி?" என்றாள் ஜெசிந்தா.

அவர் என்ஜினை அணைத்தார்.

"ஓட்டத்துல காத்து தண்ணியைக் கீழ தள்ளும். அதுக்கு நாசிலைக் கொஞ்சம் மேல பாக்க வைக்கணும். இதை யாரோ நிறுத்தின வண்டியில வச்சுத் திருப்பியிருக்காங்க. புதுசும் இல்ல. துளையைச் சுத்தி ஊசிக் கீறல்."

ஒரு லாரி கடந்துபோனது. இன்னொன்று.

"உங்க வரிசையில ஜூலை இல்லையே?"

வேதமுத்து ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"ஜூலையில நான்தான் திருப்பினேன்."

கம்பெனியிடம் இனி ஒரு நாசிலுக்காகக் கையேந்துவதில்லை என்று அவர் ஷெட்டில் பேசிய நாள் அது. பேசி முடித்துச் சட்டையிலிருந்து ஊக்கை எடுத்தார். சுயம்புலிங்கத்தின் வண்டியில் அடைப்பை நீக்கினார். தண்ணீர் கண்ணுக்கு நேராக விழும்வரை திருப்பினார். ஓட்டுநர்கள் கை தட்டினார்கள். சுயம்புலிங்கம் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தான்.

கம்பெனி வண்டியில் கை வைத்த தொழிலாளிக்கு வேலை கிடையாது. அது விதி. எழுதியவர்கள் ஒருநாளும் உப்பு ரோட்டில் வண்டி ஓட்டியதில்லை.

பட்டறைக்குத் திரும்பினார்கள்.

"இதைக் கழத்திரு. புதுசு போட்டிரு," என்றார்.

ஜெசிந்தா ஒரு புது நாசிலை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே போடலாம். பானட் அடியில குழாயை உருவுங்க. நாசிலோட ரெண்டு காதையும் அமுக்கி மேல தள்ளுங்க, வந்துரும். புதுசை அழுத்தினா தானா உக்காரும். அஞ்சு நிமிஷம். பழசைக் கடல்ல போட்டுருங்க."

அவர் பானட்டைத் தூக்கினார். குழாயை உருவினார். காதுகளை அமுக்கினார். பழைய நாசில் பாதி எழும்பியது.

கை நின்றது.

"மாத்திட்டா, சுயம்பு?"

"தூங்கினவன்," என்றாள்.

அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

அவர் பழைய நாசிலை அதன் இடத்திலேயே அழுத்தினார். குழாயை மாட்டினார். புதியதை அவள் மேசையில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

மறுநாள் விசாரணை அதிகாரியை அதே வண்டியில், அதே சாலையில், எண்பதில் கூட்டிப்போனார். அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கி, விசாரணை அறையில் வந்து உட்கார்ந்தார்.

"சரி. ஓடும்போது தண்ணி ஏறல. டிரைவர் தூங்கலன்னு ஒத்துக்கிறேன்," என்றார். "ஆனா துளையைச் சுத்தி ஊசிக் கீறல் இருக்கு. இப்படித் திருப்பி வச்சது யாரு? பேர் வேணும். இல்லன்னா வண்டி ஓட்டின சுயம்புலிங்கமே செஞ்சதாத்தான் எழுதுவேன்."

சுயம்புலிங்கம் தரையைப் பார்த்தான். ஜூலையிலிருந்தே அவனுக்கு அந்தப் பெயர் தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை.

"சங்கத்துக்காரங்க பேர் சொல்ல மாட்டாங்க, சார்," என்று மேலாளர் சிரித்தார். "மனு வேணும்னா எழுதுவாங்க."

வேதமுத்து எழுந்தார்.

"அண்ணாச்சி, உக்காருங்க," என்றான் சுயம்புலிங்கம்.

"நீ சும்மா இருல."

பையிலிருந்து இரண்டு மனுக்களின் நகலை எடுத்தார்.

"புது நாசில் கேட்டு எழுதினது. முதல்ல இதைப் பதிவு பண்ணுங்க. பேர் அப்புறம்."

அதிகாரி பதிவு செய்தார். மேலாளர் சிரிப்பை நிறுத்தினார்.

வேதமுத்து ஒரு வெள்ளைத் தாளில் ஒரு வரி எழுதினார். சாட்சிக்கு வந்திருந்த டிரைவர்கள் இருவரையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். சங்கக் கூட்டத்தில் பேசும் அதே குரலில் வாசித்தார்.

"நாசிலைத் திருப்பியவர், சாலமோன் மகன் வேதமுத்து."